பதினாறாம் நம்பர் கேட்

ஆக்லாந்தில் தெருவுக்கு நாலு சீனர் இருப்பார்கள், அங்கே போய்ச் சீனம் பேச ஈப்போவிலிருந்து ஒரு தமிழச்சியை யாராவது விமானம் ஏற்றுவார்களா என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு எதிரே இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஆறு வயதில் என்னைச் சீனப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் படிப்புதான் இத்தனை வருடமாகச் சோறு போடுகிறது. போன வருடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோப்பெங்கில் ஆற்றுப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சீனப் படகுக் குழுவுக்கு நான் மொழிபெயர்த்தேன். இந்த வருடம் அதே குழு ஆக்லாந்து கிளம்பிய நேரத்தில் அவர்களுடைய வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் காவ் என்னைக் கூப்பிட்டார். ஏன் நான் என்று கேட்டதற்கு, "நீங்கள் சொந்தச் சரக்கைச் சேர்ப்பதில்லை" என்றார்.

குழுவினர் மனுகாவில் ஒரு மோட்டலில் தங்கினார்கள். அங்கே எனக்கு அறை இல்லை. ஈப்போவில் எனக்கு இலங்கைத் தமிழ்க் குடும்பத்துத் தோழி ஒருத்தி உண்டு. அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ரஜனி மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கிறார். "அவங்க மகளும் இந்தப் பைத்தியக்காரப் படகுதான் ஓட்டுது. அங்கயே தங்கிக்க, கார்ல கூட்டிட்டுப் போய் விடுவாங்க" என்று தோழி ஏற்பாடு செய்துவிட்டாள்.

ரஜனி அக்காவின் கணவர் சிவநேசன் மருந்தாளர். நிதானமான மனிதர். கார் ஓட்டும்போது பேசமாட்டார், பேச வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவார். மறுநாள் காலையில் அவரைப் பார்த்து, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றேன். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா" என்று ரஜனி அக்கா விளக்கினார். சீனத்தை மொழிபெயர்க்க வந்த எனக்கே முதல் நாள் தமிழில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

காலை உணவு இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். எங்கள் ஊரில் இடியப்பத்தைத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத்தான் சாப்பிடுவோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சிவா அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "சீனியோ?" என்றார். அவர்களுடைய மகள் மயூரி, பதினைந்து வயது, ஆங்கிலத்தில், "நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள்.

படகு ஓடும் இடத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆறு என்று நினைத்துப் போனால் சிமெண்டில் கட்டிய வளைந்த கால்வாய். காலையில் அதில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒருவர் போய் பம்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கால்வாய் இரைந்து, நுரைத்து, பாறைக்குப் பதில் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மாலையில் பம்பை நிறுத்தினால் மறுபடியும் குளம். எங்கள் ஊரில் மழை பெய்தால் கூப்பிடாமலே வீட்டுக்குள் வரும் வெள்ளத்தை இவர்கள் சுவிட்சைத் தட்டி வரவழைக்கிறார்கள்.

போட்டியை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். கால்வாய்க்கு மேலே கம்பியில் இரண்டிரண்டு கழிகளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். பச்சைக் கோடு போட்ட கேட்டைத் தண்ணீரோடு போய்க் கடக்க வேண்டும். சிவப்புக் கோடு என்றால் திரும்பி, தண்ணீரை எதிர்த்து ஏறிக் கடக்க வேண்டும். கழியைத் தொட்டால் எடுத்துக்கொண்ட நேரத்தோடு இரண்டு வினாடி சேரும். தலை கழிகளுக்கு நடுவே போகவில்லை என்றால் ஐம்பது வினாடி. வெற்றி தோல்வியே ஒரு வினாடியின் துணுக்கில் தீர்மானமாகும் விளையாட்டில் ஐம்பது வினாடி என்பது மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்வதுதான்.

இந்த முறை குழுவில் மூன்று பெண்கள், போன வருடம் கோப்பெங்குக்கு வராதவர்கள். மூவரும் கனூ ஓட்டுகிறவர்கள், அதாவது படகுக்குள் முழங்காலிட்டு, ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். இருவர் சின்னஞ்சிறுசுகள், நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தார்கள். மூன்றாவது யூலான். முப்பத்திரண்டு வயது, அகலமான தோள், சின்னக் குரல். என்னை அக்கா என்று கூப்பிட்டதால் அவளை அவள் என்றே எழுதுகிறேன். முதல் நாள் மோட்டல் மாடிப் படியில் அவள் இறங்கியதைப் பார்த்துத் திகைத்துப் போனேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். பல வருடம் முழங்காலிட்டே படகு ஓட்டியதில் கால்கள் முன்பக்கமாகப் படி இறங்க ஒத்துக்கொள்வதில்லையாம்.

இறங்கி முடித்ததும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, நான் சொல்வதையெல்லாம் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் சொல்லுங்கள்."

"என் வேலையே அதுதானே" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவள் படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் காவ் விஷயத்தை விளக்கினார். ஐரோப்பாவில் தொடங்கப்போகும் பந்தயப் பருவத்துக்குப் பெண்கள் கனூவில் ஓர் இடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை இங்கே நடக்கும், எந்த நாட்டவரும் கலந்துகொள்ளக்கூடிய போட்டியில் இந்த மூவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு அந்த இடம். "மற்ற இரண்டு பேருக்கு அடுத்த வருடம் இருக்கிறது" என்று தொடங்கியவர் யூலானின் முதுகைப் பார்த்துவிட்டு, "சின்னவர்களுக்கு இருக்கிறது" என்று திருத்திக்கொண்டார்.

யூலானுக்குச் சொந்த ஊர் காரத்துக்குப் பேர்போன சிச்சுவான் என்று கேள்விப்பட்டதும் ரஜனி அக்கா செத்தல் மிளகாயை இடித்து ஒரு போத்தல் சம்பல் கொடுத்தனுப்பினார். யூலான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். "எங்கள் ஊரில் மிளகாய்க்குக் கண் கலங்குகிறவர்களைப் பால்குடி என்போம். எனக்கு ஒரு நாளும் கலங்கியதில்லை" என்றாள். அதற்குள் காவ் வந்து மூடியைத் திருகி மூடிவிட்டார். போட்டி முடியும்வரை வெளிச்சாப்பாடு கூடாது. எதில் எந்த மருந்து கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டால் எல்லாம் போய்விடும் என்றார். போத்தல் மோட்டல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது. மருந்தாளர் வீட்டுச் சம்பலில் மருந்தா என்று ரஜனி அக்கா அன்று இரவு முழுக்கச் சிரித்தார்.

புதன்கிழமை மாலை உள்ளூர்க் கிளப்பின் சின்னப் போட்டி நடந்தது. கரையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் இரண்டு வட்டத் தட்டுகளோடு சிவா அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். ஒன்றில் 2 என்றும், சிவப்புத் தட்டில் 50 என்றும் எழுதியிருந்தது.

"நீங்க நடுவராண்ணே?"

"ஓம் தங்கச்சி. இங்க பிள்ளையள் படகு விட்டா தாய் தேப்பன் கேட் பாக்க வேணும். காசு குடுத்து ஆள் பிடிக்க ஏலாது. ஒரு வகுப்பு நடத்தினவை, நானும் போனனான்."

அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார். ரஜனி அக்கா கொடுத்த தேநீரை நீட்டினேன். வாங்கவில்லை. "படகு போய் முடியட்டும்" என்றார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நடுவில் சாரலடித்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டையே பார்த்திருந்தார். தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. மயூரியின் பிரிவு தொடங்கியதும் மட்டும் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "என்ர பிள்ளை வரேக்க நான் பாக்கிறேல்லை. மற்றாக்கள் பாப்பினம். கண் ஏமாத்திப் போடும்" என்றார்.

எனக்குப் பின்னால் யூலான் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். "இந்த மாமா யார்?" என்று கேட்டாள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் என்றேன். அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

வியாழக்கிழமை ஒரு கூத்து நடந்தது. சிவா அண்ணனுக்குக் காலையிலேயே வேலை, நான் ரயிலில் போகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பெரிய கடைவளாகத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். எதிர் இருக்கையில் இரண்டு சீனப் பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். "இந்த இந்தியப் பெண் இவ்வளவு பெரிய பையில் என்ன வைத்திருக்கிறாள்?" என்று ஒருவர் கேட்க, "சோறுதான். அவர்கள் எங்கே போனாலும் சோறு கட்டிக்கொண்டு போவார்கள்" என்றார் மற்றவர். பேசாமல் இருந்திருக்கலாம். "சோறும் இருக்கிறது, மழைக்கோட்டும் இருக்கிறது" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். அவ்வளவுதான். என் ஊர், பள்ளிக்கூடம், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்தார்கள். வண்டி மாறும் நிலையத்தில் அவர்களோடு இறங்கி, பேச்சு சுவாரசியத்தில் அவர்கள் ஏறிய வண்டியிலேயே நானும் ஏறிவிட்டேன்.

அது மனுகா போகும் வண்டி இல்லை. வீடுகள் குறைந்தன, புல்வெளி வந்தது, பிறகு கறுத்த மண்ணில் வெங்காயமும் முட்டைக்கோசும் வரிசை வரிசையாக வந்தன. கடைசி நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் புக்கெகோஹி. பாட்டிகளுக்கு அங்கே காய்கறித் தோட்டத்தில் உறவினர் இருந்தார்கள். எனக்கு யாரும் இல்லை. திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தபோது பையிலிருந்த சோற்றைச் சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கேமரன் மலைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே காய்கறி மலைச்சரிவில் தொங்கும், இங்கே மேசையில் பரப்பியது போல் கிடக்கிறது. கோபத்தில் காவ் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்ததில் சோறு சரியாக இறங்கவில்லை.

மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். காவ் கைக்கடிகாரத்தை எனக்குத் தெரிகிற மாதிரி பார்த்தார். யூலான் புல்லில் உட்கார்ந்து காலில் ஐஸ் கட்டியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை" என்றாள் அவள். "எனக்கு அது பழக்கம்தான்."

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள். பதினோரு வயதில் பள்ளிக்கு விளையாட்டு அதிகாரிகள் வந்து எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தார்களாம். இவளுக்குக் கை நீளம். ஆலையில் வேலை பார்த்த அப்பா அம்மாவுக்குச் சந்தோஷம், சாப்பாடும் படிப்பும் அரசாங்கச் செலவு. முதலில் ஏரியில் நேராக ஓட்டும் படகு. அதில் தேறி வந்தபோது, வெள்ளத்தில் ஓட்டும் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று மாற்றினார்கள். தலைகீழாகக் கவிழ்ந்து கிடப்பதற்கு அவளுக்கு மரணபயம். குளிர்காலத்தில் நீச்சல்குளத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து எழப் பழகினாள். பிறகு பெரிய போட்டிகளில் பெண்களுக்கும் கனூ வந்தது, உட்கார்ந்து ஓட்டியவளை முழங்காலிடச் சொன்னார்கள். "மூன்று படகு மாறினேன் அக்கா. ஒரு முறையும் என்னைக் கேட்கவில்லை."

"பிடிக்காமலா இத்தனை வருடம் ஓட்டினாய்?"

"அதுதான் வேடிக்கை. மூன்றாவது படகு எனக்குப் பிடித்துவிட்டது."

பல வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டி. அதில் நன்றாகச் செய்தால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பெரிய விளையாட்டு விழாவுக்குப் போகலாம். அவள் சுத்தமாக ஓட்டினாள். ஆனால் ஒரு கேட்டில் நடுவர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். படகு கடந்த பிறகு நிமிர்ந்து பார்த்தவர், எதற்கும் இருக்கட்டும் என்பது போல் ஐம்பதைத் தூக்கிக் காட்டினார். யூலான் கரையேறி ஓடிப்போய்க் குழுவின் மொழிபெயர்ப்பாளரிடம், "நான் கடந்தேன், அவர் பார்க்கவில்லை, போய்ச் சொல்" என்றாள். அவன் இளைஞன், பயந்தவன். மேலிடத்தில் கேட்காமல் வம்பு வேண்டாம் என்று அவன் தயங்கி நிற்பதற்குள் முறையீட்டு நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பெரிய விழாவுக்கு அவள் அதற்குப் பிறகும் போகவில்லை.

முதல் நாள் அவள் மேல் வந்த கோபத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. "நீ சொல்வதைச் சொல்வேன்" என்றேன். அவள் ஐஸ் கட்டியை அடுத்த காலுக்கு மாற்றினாள்.

சனிக்கிழமை ஆக்லாந்து தன் வழக்கப்படி வெயிலும் மழையும் மாற்றி மாற்றிக் காட்டியது. வெயில் தோலைச் சுடும், காற்று எலும்பைக் குளிர்விக்கும். ஒரே நேரத்தில் தொப்பியும் கம்பளிச் சட்டையும் போட வேண்டிய ஊர் இது. கரை முழுக்கக் குடும்பங்கள் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தன. காலையில் எனக்கு இடியப்பம் வைத்த சிவா அண்ணன் பதினாறாம் நம்பர் கேட்டுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இரண்டாம் முறை குதித்து இறங்கும் இடத்துக்குக் கீழே தொங்கும் சிவப்புக் கேட் அது. எதிர்க்கரையில் இன்னொரு நடுவர், தாடி வைத்த ஒரு தகப்பன்.

சின்னவர்கள் இருவரும் ஓட்டி முடித்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டு கழிகளைத் தொட்டிருந்தாள், இன்னொருத்தி நிதானமாக ஓட்டியிருந்தாள். யூலான் கிளம்பினாள். படியில் பின்பக்கமாக இறங்குகிற பெண் இவள்தானா என்று இருந்தது. துடுப்பைக் குத்தி நிறுத்துவாள், படகு தானாகத் திரும்பும், அடுத்த கழிக்கு நடுவே போய்விடும். காவ் கரையோடு கத்திக்கொண்டே ஓடினார், நான் அவர் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். பதினாறில் அவள் நுரைக்குள்ளிருந்து திரும்பி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஏறினாள். கழி ஆடியதா, காற்றில் ஆடியதா, எனக்குத் தெரியவில்லை. படகு போய்விட்டது. சிவா அண்ணன் சிவப்புத் தட்டைத் தூக்கினார்.

ஐம்பது இல்லையென்றால் அவள் மூவரில் முதல். ஐம்பதோடு கடைசி. காவ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பிறகு அதை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு தலைமை நடுவரிடம் போனார்.

கூடாரத்துக்குக் கீழே மடக்கு மேசை. தலைமை நடுவர் மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய நரைத்தலை அம்மா. இரண்டு கேட் நடுவர்களையும் கூப்பிட்டார். "என் வீராங்கனை உள்ளே போனாள். இவர் ஒரு பிள்ளையின் தகப்பன், முறையான பயிற்சி இல்லாதவர், தவறாகப் பார்த்துவிட்டார்" என்றார் காவ். நான் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது சிவா அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே தமிழில், "யோசியாதேங்கோ தங்கச்சி, அவர் சொன்னதைச் சொல்லுங்கோ" என்றார். பிறகு ஆங்கிலத்தில் தலைமை நடுவரிடம், தலை கழிக்கு வெளியே இருந்தது, நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார்.

தாடிக்காரர் தலையைச் சொறிந்தார். நுரை தெறித்ததில் தனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றார். தலைமை நடுவர் கொஞ்சம் யோசித்தார். "ஒருவர் பார்த்தேன் என்கிறார், ஒருவர் தெரியவில்லை என்கிறார். சந்தேகம் இருந்தால் பலன் படகுக்குத்தான்" என்றார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் காவின் தோள்கள் நிம்மதியில் தளர்ந்து இறங்கின.

எங்களுக்குப் பின்னால் யூலான் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்தபடி, மிக மெதுவாகச் சொன்னாள்: "அவர் சொன்னது சரி. என் தலை வெளியே இருந்தது."

காவும் அதே மெதுவான குரலில், "அதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று தலைமை நடுவர் யூலானைக் காட்டி என்னைக் கேட்டார்.

என்னைக் கூட்டி வந்தவர் காவ். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஐரோப்பா யூலானுக்கு. அவள் எதை இழந்து எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எனக்கே சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிடம் என் தொழிலை மனதாரச் சபித்தேன். திரும்பி யூலானைப் பார்த்தேன், வேண்டாம் என்று ஒரு சின்னத் தலையசைப்பாவது கிடைக்காதா என்று. அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து, "அக்கா" என்றாள்.

சொன்னேன். அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அப்படியே சொன்னேன். காவ் சொன்னதையும் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் முறை. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். தலைமை நடுவர் யூலானை நெடுநேரம் பார்த்துவிட்டு, நன்றி என்று அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். ஐம்பது நிலைத்தது.

வேனில் காவ் என் பக்கம் உட்காரவில்லை. மோட்டலில் இறங்கிய பிறகு, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று தயாரானேன். "அந்தப் பள்ளியில் அவள் கையை அளந்தது நான்தான்" என்றார். "ஒரு முறையாவது அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன்." அவர் கண்கள் சிவந்திருந்தன. என்னிடம் சொன்னதால் அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

யூலான் மாடிப் படியின் அடியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்றைக்கு அங்கே இருந்தவர் பார்க்கவில்லை" என்றாள். "இந்த மாமா தேநீர்கூட வாங்காமல் பார்த்தார். பார்த்தவரைப் பார்க்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?" பிறகு கால் வலிக்கிறது, தூங்கப்போகிறேன் என்று எழுந்து போனாள். ஏறும்போது முன்பக்கமாகவே ஏறினாள்.

அன்றிரவு மவுண்ட் வெல்லிங்டனில் சாப்பிட உட்கார்ந்தோம். சிவா அண்ணன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தங்கச்சி, நான் பிழையாப் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். "ஆனா பாத்தனான்."

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் போட்டி. காவ் சின்னவர்களோடு மோட்டலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காரில் யூலானும் வந்தாள், மடியில் அந்தச் சம்பல் போத்தல். இனி அதை மூட யாரும் வரமாட்டார்கள். போய்ப் பார்த்தால் நடுவர்களுக்குப் பஞ்சம், தாடிக்காரரைக் காணவில்லை. தலைமை நடுவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். யூலான் என் சட்டையை இழுத்து, "நான் உட்காருகிறேன் என்று சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். அந்த அம்மா இரண்டு தட்டுகளையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பதினாறாம் நம்பர் கேட்டில் சிவா அண்ணனும் யூலானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்னால் நான். படகுகள் வரும்போது இருவரும் அசையவில்லை. மயூரியின் பிரிவு வந்ததும் சிவா அண்ணன் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கார்களைப் பார்த்து உட்கார்ந்தார். மயூரி நன்றாக வந்தாள். பதினாறில் கொஞ்சம் அவசரப்பட்டுத் திரும்பினாள். ஏறினாள், கடந்தாள். யூலான் 2 என்ற தட்டைத் தூக்கினாள்.

சிவா அண்ணன் திரும்பவில்லை. "தங்கச்சி, என்ன காட்டினவ?"

"ரெண்டுண்ணே."

"தொட்டதோ?"

நான் யூலானைக் கேட்டேன். "இடது தோள் தொட்டது" என்றாள். அதை அவரிடம் சொன்னேன்.

"அவ பாத்தாவெண்டாச் சரி" என்றார் அவர், கார்களைப் பார்த்தபடி.

இதை யூலானுக்கு மொழிபெயர்த்தேன். அவள் கடைசிப் படகும் போகும்வரை கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் இரைச்சல் அடங்கிக் குளமானது. அப்போதுதான் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் போத்தலைத் திறந்தாள். ரஜனி அக்கா கொண்டு வந்த ரொட்டியில் சம்பலை அள்ளி வைத்து, ஒரு வாய் கடித்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்துவிட்டன.

"ஐயோ பிள்ளை, என்ன?" என்று சிவா அண்ணன் பதறி எழுந்தார்.

யூலான் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காரம்" என்றாள்.

"காரமாம்ண்ணே" என்று சொன்னேன். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.